பச்சைப் பொத்தான் எங்கே போயிற்று?

கடந்த ஆண்டு ஒரு மாலையில் என் அத்தையைக் கைப்பேசியில் ஐந்து முறை அழைத்தேன். ஐந்து முறையும் மணி முழுவதுமாக அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அத்தையே அழைத்தார். "பச்சையை மேல தள்ளிக்கிட்டேதான்டா இருக்கேன், எடுக்கவே மாட்டேங்குது. விரல் காஞ்சு போச்சு போலிருக்கு" என்றார். மறுநாள் நேரில் போய்ப் பார்த்தபோது, கைப்பேசியின் பக்கத்தில் ஒரு சிறிய கிண்ணத்தில் தண்ணீரும், நான்காக மடித்த துணியும் இருந்தன. அழைப்பு வந்தால் விரலை நனைத்துத் துடைத்துவிட்டுத் திரையைத் தொடுவதற்காக அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. விரலில் ஒரு குறையும் இல்லை. இரவில் தானாக இறங்கிய ஒரு மென்பொருள் மேம்படுத்தலில், அதுவரை மேல்நோக்கித் தள்ளி வந்த பச்சைப் பொத்தான் பக்கவாட்டில் தள்ள வேண்டியதாக மாறியிருந்தது.

அதை அவருக்கு விளக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அவருடைய விரல் புதிய திசையைப் பழகிக்கொள்ள இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் அவர் ஒரு முறைகூட அந்த நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை. முதலில் தன் விரலைக் குறை சொன்னார், பிறகு தன் வயதைக் குறை சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை. புதிய கணினி, புதிய கைப்பேசி, புதிய இயங்குதளம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் கருத்துச் சொல்லியே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். அந்தக் கருத்துகளில் எவை பொருட்படுத்தத் தக்கவை, எவை அன்றோடு போகத் தக்கவை என்று ஒழுங்காக யோசித்துப் பார்த்தது அந்தக் கிண்ணத்தைக் கண்ட பிறகுதான்.

என்னிடம் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. ஏதாவது பெரிய அறிவிப்பு வரும் நாளில், அன்றிரவே என் மனதில் பட்டதை அதில் நீல மையில் எழுதி வைப்பேன். ஓராண்டு கழித்து அதே பக்கத்தின் ஓரத்தில், நடந்தது என்ன என்பதைச் சிவப்பு மையில் எழுதுவேன். அத்தை வீட்டிலிருந்து திரும்பிய இரவு அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நீல மையில் இருந்த தகவல்களில் பெரிய பிழை எதுவும் இல்லை. எந்தக் கருவியில் எது இல்லை என்று நான் எழுதியிருந்தேனோ அது உண்மையிலேயே இல்லைதான். ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை நீல மையை மறுத்துக்கொண்டே போயிற்று. அதே வேளையில், பின்னால் வரும் பக்கங்களில் வேறு வகைக் குறிப்புகள் இருந்தன. அவை புதிய கருவியைப் பற்றியவை அல்ல, ஏற்கெனவே கையில் இருந்த கருவிக்கு வந்த மேம்படுத்தலைப் பற்றியவை. அவற்றை வெறும் முணுமுணுப்பு என்று நினைத்து அவசரமாகக் கிறுக்கியிருந்தேன். சிவப்பு மை பெரும்பாலும் அவற்றின் பக்கமே நின்றது.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் ஐபாட் என்ற கையடக்கப் பாட்டுக் கருவி. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அதை அறிவித்தபோது, கணினி தெரிந்தவர்களிடையே எழுந்த முக்கியமான குறைகள் இரண்டு: கம்பியில்லா இணைப்பு இல்லை, போட்டிக் கருவியைவிடப் பாட்டு வைக்கும் இடம் குறைவு. இரண்டும் சரி. 5 ஜிகாபைட் வட்டுதான் அதில் இருந்தது, முதலில் மேக் கணினியோடு மட்டுமே அது பேசியது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, 2007 ஜனவரி 9 அன்று ஐஃபோன் அறிவிக்கப்பட்டபோதும் இதே கதைதான். மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், அதன் விலையையும், விசைப்பலகை இல்லாததால் அலுவலக மின்னஞ்சலுக்கு அது உதவாது என்பதையும் சொல்லிச் சிரித்தே விட்டார். மற்றவர்களின் பட்டியல் இன்னும் நீளம்: வேகமான இணையத்துக்கான 3ஜி இல்லை, வெட்டி ஒட்ட வழியில்லை, படச் செய்தி அனுப்ப முடியாது, காணொளி எடுக்க முடியாது, வெளியார் எழுதிய செயலி ஒன்றைக்கூட நிறுவ முடியாது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 2008 ஜூலையில் 3ஜியும் செயலிக் கடையும் வந்தன. 2009 ஜூனில் வெட்டி ஒட்டுவதும் படச் செய்தியும் காணொளியும் வந்தன. இரண்டரை ஆண்டுக்குள் இத்தனையும் சரியாயின. கடைசிவரை வராமல் போன பெரிய உருப்படி, பால்மர் முதன்மையாகக் கருதிய விசைப்பலகை. அது இல்லாமலேயே உலகம் தட்டச்சு செய்யப் பழகிவிட்டது.

2010 ஜனவரி 27 அன்று ஐபேட் என்ற பலகைக் கணினி வந்தபோது, "பெரிதாக்கிய ஐபாட் டச்" (தொடுதிரை வைத்த ஐபாட்) என்று பலரையும் போலவே நானும் எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் பெரிதாக்கியதுதான் அந்தக் கருவியின் பொருளே என்பதை உணர, ஒரு முதியவர் அதில் செய்தித்தாளைப் படிப்பதையோ, இரண்டு வயதுக் குழந்தை அதில் யானைப் படத்தை விரலால் நகர்த்துவதையோ பார்க்க வேண்டியிருந்தது. அறிவிப்பு நாளில் நம் கையில் இருப்பது ஒரு விவரப் பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியலை நாம் ஏற்கெனவே அறிந்த இன்னொரு பட்டியலோடு வைத்துத்தான் எடைபோட முடியும். ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை, துளைகள் எத்தனை என்று எண்ணலாம். இன்னும் யாரும் வாழ்ந்து பார்க்காத ஒரு பழக்கத்தை எண்ண வழியில்லை. ஆகவே புதிய கருவியைப் பற்றிய முதல் நாள் பேச்சு, எவ்வளவு அறிவாளி பேசினாலும், வாழாத வாழ்க்கையைப் பற்றிய ஊகமே. அதை ஊகமாக எடுத்துக்கொண்டால் அதில் குற்றமில்லை.

இதற்கு மாறாக ஒரு நிகழ்ச்சியும் உண்டு, அதை நான் மிகவும் மதிக்கிறேன். 2016 அக்டோபரில் ஆப்பிள் புதிய மேக்புக் ப்ரோ மடிக்கணினியை அறிவித்தது. நினைவக அட்டையைச் செருகும் இடம், வெளித்திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை, காலில் சிக்கினால் தானாகக் கழன்று விழும் காந்த மின்கம்பி ஆகியவை எல்லாம் போய், ஹெட்ஃபோன் துளையைத் தவிர ஒரே வடிவத் துளைகள் மட்டும் மிஞ்சின. விலை கூடிய மாடல்களில் மேல்வரிசை விசைகளுக்குப் பதிலாக ஒரு தொடுபட்டை வந்தது. அன்றே புகைப்படக்காரர்களும் காணொளித் தொகுப்பாளர்களும் நிரலாளர்களும் குரல் எழுப்பினார்கள். அவர்கள் இன்னொரு நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பேசவில்லை. கேமராவிலிருந்து எடுத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே செருகுவது என்று கேட்டார்கள். அந்த மேல்வரிசையில் இருந்த எஸ்கேப் விசையைப் பார்க்காமலேயே அழுத்திப் பழகிய இடது சுண்டுவிரலைப் பற்றிப் பேசினார்கள். எதிர்காலம் புரியாதவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் எஸ்கேப் விசை தனி விசையாகத் திரும்பியது; அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்ற புகாருக்கு ஆளான மெல்லிய விசைப்பலகையும் அதோடு கைவிடப்பட்டது. 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட புதிய மாடல்களில் அட்டைச் செருகியும், எச்டிஎம்ஐயும், காந்தக் கம்பியும் திரும்பி வந்தன, தொடுபட்டை போய்விட்டது. ஐந்தாண்டுக் காலம் ஆனாலும், முதல் நாளில் சொன்ன அந்தக் குறைகள் ஒவ்வொன்றாகச் செவிமடுக்கப்பட்டன. அவர்கள் சொன்னது ஊகம் இல்லை என்பதே இதற்குக் காரணம். பெயரில் புதிய கருவியாக இருந்தாலும், அவர்களைப் பொறுத்தவரை அது தினமும் கையாளும் கருவியின் மேம்படுத்தல்.

ஹெட்ஃபோன் துளையைப் பற்றி இத்தனை உறுதியாக என்னால் பேச முடியாது. 2016 செப்டம்பரில் ஐஃபோன் 7-இல் அதை எடுத்தபோது எழுந்த கோபம் பெரிது; அந்தக் கோபத்தை விளம்பரமாக்கிய சாம்சங்கே 2019 ஆகஸ்டில் தன் நோட் 10 கைப்பேசியில் அதை எடுத்துவிட்டது. துளை திரும்பவில்லை, மக்கள் கம்பியில்லாததற்குப் பழகிவிட்டார்கள். கம்பி வைத்த பழைய, நல்ல ஹெட்ஃபோனை வைத்திருப்பவர் இழந்தது இழந்ததுதான்.

ஆனால் மென்பொருள் மேம்படுத்தலைப் பற்றிய பேச்சு இன்னொரு வகையைச் சேர்ந்தது. இங்கே பேசுபவருக்குக் கருவி புதிதில்லை. அவர் அதோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது என்பது அவருடைய கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கையைக் கொண்டுபோனால் சரியாகப் போய் நிற்கும். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் எழுந்து, "இது மாறிவிட்டது, எனக்கு வேலை ஓடவில்லை" என்று சொன்னால், அது வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வரும் சாட்சியம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, "எது வந்தாலும் மக்கள் முதலில் எதிர்ப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்" என்று தள்ளுவது இந்தத் துறையில் வேரூன்றிவிட்ட தவறு. ஐபாடை ஏளனம் செய்தவர்கள் தோற்ற கதையை, பொத்தானைத் தேடுகிறவரின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள்.

2012 அக்டோபர் 26 அன்று வெளியான விண்டோஸ் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1995 முதல் திரையின் கீழ் இடது மூலையில் இருந்து வந்த ஸ்டார்ட் பொத்தானை அது எடுத்துவிட்டது. தொடுதிரைக் கருவிகளை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட அந்த முகப்பு, மவுஸும் விசைப்பலகையும் மட்டும் உள்ள கோடிக்கணக்கான மேசைக் கணினிகளுக்கும் அப்படியே வந்தது. கணினியை அணைக்க வேண்டும் என்றால், சுட்டியைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோய், அங்கே மறைந்திருந்து வெளிவரும் பட்டையில் செட்டிங்ஸைத் தொட்டு, அதனுள் பவரைத் தொட்டு, அதன் பிறகு ஷட் டவுனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூலையில் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று தெரிவிக்க அங்கே ஓர் அடையாளமும் இல்லை. மக்கள் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள். பழமை விரும்பிகள் என்று விளக்கம் சொன்னவர்களும் இருந்தார்கள். ஓராண்டு முடிவதற்குள், 2013 அக்டோபரில் 8.1 வழியாகப் பொத்தான் திரும்பியது. 2015-இல் விண்டோஸ் 10-இல், அதை அழுத்தினால் விரியும் முழுப் பட்டியலும் திரும்பியது. இது பிடிவாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று நான் நினைக்கவில்லை. சாட்சியத்தைக் கேட்டிருந்தால் அந்த ஓராண்டே தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முணுமுணுப்பு எல்லாமே சரியாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஃபிஸ் 2007-இல் பட்டியல்களை எடுத்துவிட்டு மேலே அகலமான ரிப்பன் பட்டையை வைத்தபோதும் இதே அளவுக்குக் கூச்சல் எழுந்தது. ரிப்பன் இன்றும் இருக்கிறது, பலருக்கும் அது பிடித்தும் போயிற்று. பட்டியலுக்குள் பட்டியலாகப் புதைந்து கிடந்த பல வசதிகளை அது கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தது. பழகுவதற்குச் செலவிட்ட நாட்களுக்கு ஈடாக ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்தது. என் அளவுகோல் இதுதான்: மாற்றம் வாங்கிய உழைப்புக்கு, உழைத்தவருக்கே ஏதாவது திரும்பக் கிடைத்ததா? 2013 செப்டம்பரில் வந்த, ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7-ஐ இந்த அளவுகோலில் வைத்தால் விடை இரண்டாகப் பிரிகிறது. தட்டையான புதிய வண்ணங்களைப் பற்றிய குறைகள் சில மாதங்களில் ஓய்ந்தன. ஆனால் செயலியைத் திறக்கும்போதெல்லாம் திரை முன்னோக்கிப் பாய்வதுபோல் காட்டிய அசைவு, சிலருக்கு உண்மையாகவே தலைசுற்றலையும் குமட்டலையும் கொடுத்தது. அழகியல் குறையும் உடல் குறையும் ஒரே வாரத்தில், ஒரே கூச்சலாகக் கேட்டன. நல்லவேளையாக அடுத்த மாதமே வந்த ஒரு சிறு மேம்படுத்தலில் அந்த அசைவைக் குறைக்கும் வசதி விரிவாக்கப்பட்டது. அந்தக் கூச்சலுக்குள் காது வைத்து, தலைசுற்றுகிறது என்ற குரலைத் தனியே பிரித்தெடுத்த யாரோ ஒருவருக்கு நான் நன்றி சொல்வேன்.

சாட்சியத்தின் மதிப்பை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது பேட்டரி விவகாரம். புதிய மாடல் வரும் சமயத்தில் பழைய கைப்பேசி மெதுவாகிவிடுகிறது என்று மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அது மனப்பிரமை, புதியதைப் பார்த்த கண்ணுக்குப் பழையது மெதுவாகத் தெரிகிறது என்று விவரம் அறிந்தவர்கள் பதில் சொன்னோம். நானும் அப்படிச் சொன்னவர்களில் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2017 டிசம்பரில், கணினிகளின் வேகத்தை அளக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிய ஜான் பூல், ஐஃபோன் 6எஸ், 7 மாடல்களின் அளவீடுகளை இயங்குதளப் பதிப்புவாரியாக வரைபடமாக்கி வெளியிட்டார். குறிப்பிட்ட பதிப்புகளுக்குப் பிறகு, ஒரே மாடல் கைப்பேசிகள் பல வேகங்களில் ஓடுவதை அந்த வரைபடங்கள் காட்டின. சில நாட்களில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: பேட்டரி தேய்ந்த கைப்பேசிகள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் அவற்றின் உச்ச வேகத்தைக் குறைக்கிறது. மக்கள் நினைத்த காரணம் அதுவாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் மக்கள் உணர்ந்தது உண்மை. அந்த மாத இறுதியில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. 2018-இல் ஐஓஎஸ் 11.3 வழியாக, பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கமும், அந்த வேகக் குறைப்பை நிறுத்தும் வசதியும் வந்தன. 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. மேம்படுத்தினால் வேகம் குறையக்கூடும் என்பதைச் சொல்லாமல் விட்டது குற்றம் என்பதே அதன் அடிப்படை. "மெதுவாகிவிட்டது" என்று சொன்னவரிடம் "உனக்கு அப்படித் தோன்றுகிறது" என்று நான் பதில் சொன்ன நாட்களை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இந்தச் சாட்சியங்களைத் தட்டிக்கழிப்பதால் விளையும் தீமை, ஒரு பொத்தானைத் தேடும் தொல்லையோடு நிற்பதில்லை. 2016-இல் விண்டோஸ் 10-ஐ இலவசமாகக் கொடுத்துவந்த மைக்ரோசாஃப்ட், அதற்கான அறிவிப்புப் பெட்டியை மாற்றியமைத்தது. மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடும், ஆனால் குறிக்கப்பட்ட நேரத்தில் மேம்படுத்தல் நடந்தே தீரும். பெருக்கல் குறி என்றால் "வேண்டாம்" என்று இருபது ஆண்டுகளாக அந்த நிறுவனமே மக்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்த ஆண்டின் இறுதியில், எல்லை மீறிவிட்டோம் என்று அதன் உயர் அதிகாரி ஒருவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள், மேம்படுத்தல் என்றாலே அஞ்சி, எல்லாவற்றையும் அணைத்து வைக்கும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2017 மே 12 அன்று, வான்னாக்ரை என்ற பிணைத்தொகை நிரல் உலகெங்கும் பரவி, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத இடைவெளியில் அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் அகப்பட்டன. ஒவ்வொரு கணினியிலும் போடாததற்கான காரணம் வேறு வேறாக இருந்திருக்கும். அவற்றில் அச்சமும் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பூட்டைச் சரிசெய்ய வந்தவர், கேட்காமலேயே வீட்டுச் சாமான்களையும் இடம் மாற்றிவிட்டுப் போனால், அடுத்த முறை அவருக்கு நாம் கதவைத் திறக்க மாட்டோம். பாதுகாப்புத் திருத்தமும் திரையின் முக மாற்றமும் ஒரே மூட்டையில் வருவதுதான் இங்கே மூலக் கோளாறு என்பது என் உறுதியான எண்ணம். அவற்றைப் பிரிக்க முடியாது என்பதும் இல்லை. நீண்ட கால ஆதரவு என்ற பெயரில், முகத்தை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் திருத்தங்களை மட்டும் கொடுக்கும் பதிப்பை உபுண்டு என்ற இயங்குதளம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் 2012 முதல் அப்படி ஒரு பதிப்பு உண்டு. ஆப்பிள் 2023 மே மாதத்தில், முழு மேம்படுத்தலுக்குக் காத்திராமல் அவசரப் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தனியே அனுப்பிக் காட்டியது. வழி இருக்கிறது. அது விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த வழியாக இருப்பதுதான் குறை. என் அத்தையின் கைப்பேசியில் "திருத்தம் மட்டும் போதும், முகம் அப்படியே இருக்கட்டும்" என்று ஒரு வாக்கியமும் அதன் பக்கத்தில் ஒரு பொத்தானும் இருந்தால், அவர் அதை ஒரே நொடியில் அழுத்தியிருப்பார்.

இனிவரும் ஆண்டுகளில் இது இன்னும் பெரிதாகும். 2023 அக்டோபரில் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழு ஆண்டுகள் மேம்படுத்தல் தருவதாக கூகுள் சொன்னது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதே ஏழு ஆண்டுகளைச் சொன்னது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். நல்ல நிலையில் இருக்கும் கருவியைத் தூக்கிப் போடச் செய்வதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. 2021-இல் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய தலைமுறை ப்ராசசரும் இல்லை என்பதற்காகத் தகுதியற்றவை ஆயின. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, அந்தக் கணினிகளை வைத்திருந்தவர்களின் வருத்தம் முழுக்க நியாயமாகவே எனக்குப் பட்டது. ஆகவே ஏழு ஆண்டு என்பது நல்ல வாக்குறுதி. ஆனால் ஒரு கைப்பேசியை வாங்கியவர், அதே கைப்பேசியில் ஏழு முறை முகம் மாறுவதைச் சந்திப்பார் என்பதும் அந்த வாக்குறுதிக்குள் அடக்கம். கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோலவே ஆகிவிட்ட இந்தக் காலத்தில், மேடையில் காட்டப்படும் புதிய கைப்பேசியைவிட, ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில் இரவோடு இரவாக நடப்பதே பெரிய செய்தி. நம் பேச்சு மட்டும் இன்னும் மேடையைப் பார்த்தபடியே இருக்கிறது.

முதல் வாரத்தில் கருத்துச் சொல்பவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் புதியதை விரும்புகிறவர்கள், மாற்றத்தைத் தேடிப்போய் ஏற்பவர்கள், நல்ல கண்பார்வை உள்ளவர்கள். எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்குப் புதிய முகப்பில் பொத்தானின் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. "கெ" என்று தட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறதா, அல்லது பிரிந்துபோய் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறதா என்று எந்த விமர்சகரும் தட்டிப் பார்த்து நான் படித்ததில்லை. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்தச் சாட்சியங்கள் தாமதமாக வரும், மெல்லிய குரலில் வரும். பெரும்பாலும் புகார் என்ற வடிவத்திலேயே வராது. விரல் காய்ந்துவிட்டது, கண் மங்கிவிட்டது, எனக்கு வயதாகிவிட்டது என்ற வடிவத்தில் வரும்.

இப்போது என் குறிப்பேட்டில் புதிய கருவிகளுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. அந்தப் பக்கத்தில் பாதியைச் சிவப்பு மைக்காகக் காலியாக விட்டுவிடுகிறேன். மேம்படுத்தல்களுக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். எந்தப் பொத்தான் எங்கிருந்து எங்கே போயிற்று, எத்தனை தொடுதல் எத்தனை ஆயிற்று, யார் என்ன சொன்னார்கள், எத்தனை நாளில் அந்தப் பேச்சு நின்றது என்பதையெல்லாம் தேதியோடு குறிக்கிறேன். நிறுவனங்களின் கருத்துப் படிவங்களிலும் இதே விவரங்களோடு எழுதி அனுப்புகிறேன். "பிடிக்கவில்லை" என்று எழுதுவதைவிட, "அழைப்பை ஏற்கும் திசை மாறியதால் ஒரு முதியவர் இரண்டு வாரத்துக்கு மேல் அழைப்பை எடுக்கத் தடுமாறினார்" என்று எழுதினால், அதைப் படிக்கும் பொறியாளர் யாராக இருந்தாலும் ஒரு நொடி நிற்பார் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் அத்தையின் கைப்பேசிக்கு மறுபடியும் ஒரு பெரிய மேம்படுத்தல் வந்தது. தானாக இறங்குவதை முன்பே அணைத்து வைத்திருந்தேன். பாதுகாப்புத் திருத்தமும் அதில் இருந்ததால் தள்ளிப்போடவும் மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை நிறுவினேன். சதவீத எண் ஏறுவதை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி அணைந்து மறுபடி உயிர் பெற்றதும், "எடுக்கிற பொத்தான் அங்கேயேதானே இருக்கு?" என்று கேட்டார். "தெரியல அத்தை, பார்த்திடுவோம். நீங்க கையில வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் அவரை அழைத்தேன். மணி அடித்தது. இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார். ஒரு நிமிடம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவை கூப்பிடு, பழகிக்கிறேன்" என்றார்.